அடி அடையாளம்

அத்தியாயம் 4

கிளறன்ஸுக்குப் படகு என்றாலே ஆகாது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துச் சங்கொலியில் கண்விழித்து வளர்ந்தவன்தான், ஆனால் ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு தோணியில்கூடக் கால் வைத்ததில்லை. ஓட்டோ கவிழ்ந்தால் கீழே தெரு இருக்கும், படகு கவிழ்ந்தால் என்ன இருக்கும் என்பது அவனுடைய கேள்வி. அப்படிப்பட்டவன் இன்று காலை பத்து மணிக்கு இரத்மலானையில், ஒரு தகரக் கொட்டகைக்குள், ஓர் ஆளைக் கொன்ற பாய்ப்படகின் வயிற்றுக்குள்ளே நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்தான்.

"என்ன தெரியுது?" வெளியே நின்று கேட்டார் சரோஜினிதேவி.

"என்ர வயசு தெரியுது மிஸ்."

"தூணைப் பாரும்."

சரோஜினிதேவி முப்பத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனியில் நட்டம் மதிப்பிட்டவர். எரிந்த கடை, நொறுங்கிய கார், செத்த புருஷன் எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் நிரப்பிப் பழகியவர். அந்தப் படிவத்தில் இரக்கத்துக்கு ஒரு கட்டம் இல்லாததால் அதை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறார். கிளறன்ஸ் அவருக்குச் சாரதி, எடுபிடி, வாய்க்கு வாய் பேச ஓர் ஆள்.

இந்தப் படகின் சொந்தக்காரர் நாகேந்திரம், வெள்ளவத்தையில் ஏற்றுமதிக் கம்பனி நடத்தியவர். போன மாதம் ஒரு ஞாயிறு காலை போல்கொடை ஏரியில் பாய் விரித்தார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் பாய்மரம் சரிந்து அவர் மண்டையில் விழுந்தது. மனிதருக்குத் திரும்பிப் பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

பாய்மரம் ஏன் சரிந்தது? இந்தச் சின்னப் படகில் பாய்மரம் மேல்தட்டில் நிற்கிறது. அதைச் சுற்றிலும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது மேல்தட்டுக்குக் கீழே, கபினின் நடுவில் நிற்கும் ஒரு முட்டுத்தூண். அது இரண்டு அங்குலம் இறங்கினால் போதும், தட்டு குழியும், கம்பி தளரும், மரம் ஆடும். பழைய தூண் அடியில் உக்கிப்போனதால், விபத்துக்கு மூன்று வாரம் முன்புதான் புதிய முதிரை மரத் தூண் போட்டிருந்தார்கள். போட்டவர் கொட்டாஞ்சேனைத் தச்சர் பேதுரு.

"தூண் இரண்டு அங்குலம் கட்டை மிஸ். பொலிஸ் சொன்னது சரிதான். மேல முனை தட்டோட இறுகிப்போய்ச் சரிஞ்சு நிக்குது. கீழ முனை அந்தரத்தில." கிளறன்ஸ் விரலால் படகின் அடியைத் தடவினான். வழுக்கியது. முகர்ந்து பார்த்தான். "இடைவெளிக்குத் துணி தோய்க்கிற சவர்க்காரக் கட்டி வச்சிருக்கு. தண்ணியில கரைஞ்சு போச்சு. படகு அடி நல்ல சுத்தம், செத்தவரைவிடச் சுத்தம்."

இதைத்தான் பொலிஸும் சொன்னது. அளவு பிசகித் தூணைக் கட்டையாக அறுத்துவிட்ட தச்சன், புது மரம் தேட அலுத்து, சவர்க்காரத்தைச் செருகி மேலே பலகை மூடிவிட்டான். கவனயீனத்தால் மரணம். பேதுரு மூன்று வாரமாக ரிமாண்ட் சிறையில் இருமிக்கொண்டிருந்தார். நாளைக்கு வழக்கு. அவருடைய ஒரே பிள்ளை ரொஷேல்தான் அழுது வீங்கிய முகத்தோடு சரோஜினிதேவியின் வாசலில் வந்து நின்றவள். "அப்பாட கை அரை அங்குலம்கூடப் பிசகாது அன்ரி" என்று அவள் சொன்னபோது கிளறன்ஸுக்கே கண் கலங்கியது. பேதுருவை அவனுக்குத் தெரியும். அவன் கல்யாணக் கட்டிலைச் செய்து கொடுத்ததே அவர்தான். கல்யாணம் முறிந்துபோனது, கட்டில் இன்னும் அசையாமல் நிற்கிறது.

"தூணில ஏதும் அடையாளம் இருக்கா?"

"மேல, தட்டில இருந்து ஒரு விரல் கீழ, சின்னதா ஒரு சிலுவை வெட்டிக் கிடக்கு."

"அதைக் கழட்டிக்கொண்டு வந்து சுவரில சாத்தும்."

காப்புறுதிக் கம்பனியின் அனுமதிக் கடிதம் கையில் இருந்ததால் காவல்காரன் தடுக்கவில்லை. கிளறன்ஸ் தூணைத் தோளில் சுமந்து வந்து சுவரில் சாத்தினான். சரோஜினிதேவி இரண்டு முனைகளையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு தூணைக் கிடத்தச் சொன்னார். கிடத்தினான். நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினான். மறுபடி கிடத்தி, மறுபடி நிமிர்த்தச் சொன்னார்.

"மிஸ், தூணுக்கு உடற்பயிற்சியா, எனக்கா?"

அவர் கிளறன்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் பதினொரு வருடமாகப் பார்த்து வருகிறான். அது வந்த நாளில் யாராவது ஒருவருடைய குடும்பம் நாசமாகும்.

காவல்காரனிடம் போய்ச் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேதுரு பாஸ் தச்சுவேலையை முடித்துப் போனபின், படகு தண்ணீருக்குப் போவதற்கு முன், யார் இதற்குள் ஏறியது? கார்த்திகன் மாத்தயா ஒருநாள் வந்தார், வேறு வெளியாள் எவரும் வரவில்லை என்றான் காவல்காரன். கார்த்திகன் என்பவன் நாகேந்திரத்தின் தம்பி. அண்ணன் செத்த மறுவாரமே அவருடைய கதிரையில் ஏறி உட்கார்ந்தவன்.

"கிடைச்சுது ஆள்!" என்றான் கிளறன்ஸ். "நான் அப்பவே நினைச்சனான்."

"நீர் நினைக்கிறதை எல்லாம் விட்டிட்டு அந்தத் தூணை ஓட்டோவில ஏத்தும்."

* * *

வெள்ளவத்தையில் கார்த்திகனின் மாடிவீட்டில் குளிரூட்டி ஓடியது. அண்ணனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் வைத்திருந்தான். விளக்கில் எண்ணெய் இருக்கவில்லை.

"ஓம் அக்கா, படகைப் பார்க்கப் போனனான். விற்கச் சொல்லி அண்ணையோட சண்டை. என்ன விலை போகும் எண்டு பார்க்கப் போனனான். அது குற்றமா?"

"கபினுக்குள்ள போனனீங்களா?"

"அந்த மணத்துக்கே எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

கிளறன்ஸ் வாசலில் தூணோடு நின்றான். சரோஜினிதேவி சொல்லிக் கொடுத்தபடி, "சேர், கொஞ்சம் பிடியுங்கோ, செருப்பைக் கழட்டுறன்" என்று அதைக் கார்த்திகனின் கையில் திணித்தான். கார்த்திகன் முகத்தைச் சுளித்து வாங்கி, டொக் என்று நிலத்தில் குத்தி நிறுத்தினான். சிலுவைப் பக்கம் கீழே இருந்தது. தூண் வழுக்காமலிருக்கத் தன் சப்பாத்தை அதிலேயே முட்டுக் கொடுத்தான். கிளறன்ஸ் தன் செருப்பை மறந்து அந்தச் சப்பாத்தையே பார்த்தான்.

"அண்ணை செத்தது உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கேட்டார் சரோஜினிதேவி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பவர்போல.

கார்த்திகன் சிவந்துபோனான். பிறகு தோளைக் குலுக்கினான். "அவரோட வேலை செய்த ஆக்களைப் போய்க் கேளுங்கோ. அழுதவை ஆரெண்டு."

"கேக்கத்தான் போறன்" என்று எழுந்துவிட்டார்.

படியில் இறங்கும்போது கிளறன்ஸ் பொரிந்து தள்ளினான். "அண்ணன்ர கதிரை கிடைச்சுது, படகில ஏறினவன். கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில குடுக்காம, குடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு வாறியளே!"

"அவன் அயோக்கியன். ஆனா இந்த அயோக்கியத்தனம் அவன் செய்யேல்லை. தூணை எப்படிப் பிடிச்சவன் எண்டு பார்த்தனீரே?"

"நிலத்தில குத்திப் பிடிச்சவன்."

"அவ்வளவுதான் விசயம்" என்றார். கிளறன்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத நேரத்தில் அவன் ஹோர்ன் அடிப்பான். காலி வீதி முழுக்க அடித்துக்கொண்டு போனான்.

* * *

ரிமாண்டில் பார்வையாளர் நேரம் இரண்டு மணிக்கு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பேதுரு வந்து நின்றபோது கிளறன்ஸுக்கு அவரை உடனே அடையாளம் தெரியவில்லை. சட்டை தொங்கியது. கை மட்டும் பழைய கை, ஒவ்வொரு விரலும் ஆப்பு மாதிரி.

சரோஜினிதேவி நலம் விசாரிக்கவில்லை. அன்று காலை எடுத்துக் கடையில் அச்சடித்த தூணின் படத்தை வலையில் ஒட்டிப் பிடித்தார். "இந்த அடையாளம் நீங்க வெட்டினதா?"

பேதுருவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தொழிலைப் பற்றி யாராவது கேட்டு மூன்று வாரமாகிவிட்டது. "ஓம் அம்மா. அது அடி அடையாளம். அறுத்த மரத்தில எது வேர்ப்பக்கம், எது நுனிப்பக்கம் எண்டு பிறகு தெரியாது. அதால முதலே அடிப்பக்கத்தில உளியால ரெண்டு கீறுக் கீறிப்போடுவன். மரம் நிண்ட மாதிரித்தான் தூணும் நிக்கோணும். அடி கீழ, நுனி மேல. தலைகீழா நட்டுறவன் தச்சனில்லை, கசாப்புக்காரன்."

"நாப்பது வருசத்தில ஒண்டையாவது மாறி நட்டிருக்கிறியளா?"

"செத்தாலும் நடமாட்டன்."

"இந்தத் தூண் தலைகீழா நிண்டது. அடையாளம் மேல, தட்டுக்குக் கிட்ட இருந்தது. நுனிப்பக்கத்தில ரெண்டு அங்குலம் அறுத்து, அந்த அறுத்த முனையைக் கீழ விட்டுச் சவர்க்காரம் வச்சிருக்கு."

கிளறன்ஸ் சந்தோஷத்தில் வலையைத் தட்டினான். "பார்த்தீங்களா அண்ணே! அப்ப நீங்க நட்டது இல்லை. ஆரோ பிறகு கழட்டி மாத்தி நட்டிருக்கிறான். நீங்க வீட்டுக்கு வாறீங்க!"

பேதுரு சந்தோஷப்படவில்லை. படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் நுனியை அறுத்தவ…" என்று தொடங்கி, சொல்லை விழுங்கிக்கொண்டார். "கீழ் முனையை அறுத்தால் வேலை லேசு. தூணைப் புரட்டத் தேவையில்லை."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றார் சரோஜினிதேவி.

"நாப்பது வருசமா வெட்டுறன்." பேதுருவின் குரல் இறங்கிவிட்டது. "இண்டைக்குத்தான் வடிவாப் பார்க்கிறன். தெரியாத ஆளுக்கு இது சிலுவை மாதிரித்தான் கிடக்கும், என்ன? சின்னனில என்ர பிள்ளை, ரோட்டில ரெண்டு ஈர்க்கு குறுக்கக் கிடந்தாலும் மிதிக்கமாட்டாள். சுத்திப் போவாள்…"

அதோடு நிறுத்திவிட்டார். இருமல் வந்தது. இருமி முடித்து வாயைத் துடைத்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார்.

"அம்மா, எழுதிக்கொள்ளுங்கோ. நான்தான் மாறி நட்டனான். அளவும் பிசகிப்போச்சு. சவர்க்காரமும் நான்தான் வச்சனான். கிழடு தட்டிப்போச்சு, கை சரியில்லை. நாளைக்குக் கோட்டிலயும் சொல்லுவன்."

"அண்ணே, உங்களுக்கு விசரா?" என்று கத்தினான் கிளறன்ஸ்.

"காலய இவரய்!" என்று காவலன் நேரம் முடிந்ததாகக் குரல் கொடுத்தான். பேதுரு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். சரோஜினிதேவி படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

வெளியே ஓட்டோவைக் கிளப்பாமல் கிளறன்ஸ் அப்படியே உட்கார்ந்திருந்தான். காலையில் தான் அந்தத் தூணைச் சாத்தியதும், கிடத்தியதும், நிமிர்த்தியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும், யாரும் சொல்லாமலே, சிலுவைப் பக்கத்தைத் தான் மேலே வைத்திருந்தான். கிடத்தும்போது அந்தப் பக்கத்துக்கு அடியில் தன் கைக்குட்டையை விரித்திருந்தான்.

"ஓம்" என்றார் சரோஜினிதேவி பின்னாலிருந்து. "நீர் மூண்டு தரமும் அப்படித்தான் செய்தனீர். கார்த்திகன் சப்பாத்தால மிதிச்சவன். அந்த ஊத்தைத் தண்ணிக்குள்ள சிலுவையைப் புதைக்க மனம் வராத ஒரு ஆள்தான் தூணைப் புரட்டினது. வேதக்கார ஆள், ஆனா தச்சுவேலை தெரியாத ஆள். தூணைக் கழட்டிப் பூட்டுறதை மட்டும் பக்கத்தில இருந்து பார்த்த ஆள்."

"காவல்காரன் வேற ஒருத்தரும் வரேல்லை எண்டு சொன்னவனே மிஸ்."

"வெளியாள் வரேல்லை எண்டுதான் சொன்னவன். பாஸுக்கு மூண்டு நாள் சாப்பாடு கொண்டு வந்த பிள்ளை அவனுக்கு வெளியாளா? அப்பா விட்டுப்போன, தட்டைத் தூக்கிப் பிடிக்கிற ஜக்கை எடுக்க ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தவள். கார்த்திகன் மிதிச்சதைக் கண்ட பிறகு, ரிமாண்டுக்கு வர முதல், ஃபோனில காவல்காரனிட்ட அதையும் கேட்டிட்டன்."

கிளறன்ஸ் ஹோர்ன் அடிக்கவில்லை. "விட்டிடுவம் மிஸ். நாகேந்திரம் செத்ததால ஆருக்கு நட்டம்?"

"பேதுருவுக்கு. ஓட்டோவை எடும்."

* * *

ரொஷேலின் வீடு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. மாலை நாலரைக்கு அவள் வாசல் சீமெந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. நாளை அப்பாவுக்கு ரிமாண்டுக்குக் கொண்டுபோகச் சாப்பாட்டுக் கரியர் கவிழ்த்துக் காய வைத்திருந்தது.

"வாங்கோ அன்ரி. அப்பாவைப் பார்த்தனீங்களா? இருமல் எப்படி?"

"கிளறன்ஸ், அதைச் சாத்தும்."

சொல்லிக் கொடுத்தபடி அவன் தூணை ஈரச் சீமெந்தில் நிறுத்தினான், சிலுவைப் பக்கம் கீழே. அழுக்குத் தண்ணீர் அதைத் தொட்டு ஓடியது. தன் வாழ்நாளில் இதைப்போல ஒரு நாய்வேலை செய்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"உள்ள வாங்கோ, நிண்டுகொண்டு கதைக்கிறீங்களே" என்று பேசிக்கொண்டே ரொஷேல் குனிந்தாள். வாசல் கூட்டிக் கழுவிய தும்புத்தடியைக் கீழே போட்டாள். தூணைப் பிடித்தாள். வீட்டில் சாய்ந்து கிடக்கும் படத்தை நேராக்குவதுபோல, யோசியாமல், புரட்டி வைத்தாள். சிலுவை மேலே வந்தது. பாவாடை ஓரத்தால் ஈரத்தையும் துடைத்துவிட்டாள்.

பிறகுதான் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"அது சிலுவை இல்லைப் பிள்ளை" என்றார் சரோஜினிதேவி. "அடி அடையாளம். உம்மட அப்பா எந்தப் பக்கம் கீழ வரோணும் எண்டு கீறி வச்சது. தச்சன்ர மகளுக்கு அது தெரியாமல் போச்சு."

ரொஷேல் வாசற்படியில் உட்கார்ந்தாள். நெடுநாள் சுமந்த பாரத்தை இறக்கியவளைப்போல மூச்சு விட்டாள்.

"நாகேந்திரம் சேர்ட ஒஃபிசில நான் மூண்டு வருசம்" என்றாள். "வெளிநாட்டு ஆக்கள் வருகினம், குறிப்பெடுக்கோணும் எண்டு முதல் அந்தப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒருத்தரும் வரேல்லை. அந்தக் கபின் கதவு உள்ளாலதான் பூட்டுறது அன்ரி. பிறகு எத்தினை தரம் எண்டு நான் எண்ணேல்லை."

கிளறன்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"தூண் உக்கினதும் அப்பாவைத்தான் கூப்பிட்டவர். கொழும்பில வேற தச்சன் இல்லையா? வேணுமெண்டுதான். நான் சாப்பாடு கொண்டு போகேக்க அவரும் அங்க வந்து நிப்பார். அப்பா தூணைத் தட்டிக் காட்டி, 'இனி அம்பது வருசத்துக்கு அசையாது சேர்' எண்டு சொன்னவர். சேர் என்னைப் பார்த்துக்கொண்டு, 'நல்லது பேதுரு, நல்ல பலமா இருக்கோணும்' எண்டு சிரிச்சவர். அண்டைக்குத்தான் நினைச்சனான்." அவள் கையைப் பார்த்தாள். "அவர் செத்தது சந்தோஷம். அப்பாவைப் பிடிப்பினம் எண்டு நான் நினைக்கவே இல்லை. கார்த்திகன் சேரிலதான் சந்தேகப்படுவினம் எண்டு நினைச்சனான். அதுக்குத்தான் உங்களிட்டயும் வந்தனான்."

"அப்பா இண்டைக்கு எல்லாம் தானே செய்தது எண்டு சொல்லிப்போட்டார்" என்றார் சரோஜினிதேவி. "தூணைத் தலைகீழா நட்டனான் எண்டு, அவர் வாயாலயே. நாளைக்குக் கோட்டிலயும் சொல்லுவார். அந்த இருமலோட உள்ளுக்குப் போனால் திரும்பி வரமாட்டார்."

ரொஷேல் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் செய்தனான் எண்டு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதேங்கோ அன்ரி. அவர் அந்தக் கபினுக்குள்ள மூண்டு நாளும் மாதா பாட்டுப் பாடிப் பாடி வேலை செய்தவர்."

"நான் சொல்லமாட்டன். ஆனா கோட்டில ஏன் எண்டு கேப்பினம். உம்மைத்தான் கேப்பினம். அவர் முன்வரிசையில இருப்பார்."

"மிஸ்!" என்றான் கிளறன்ஸ். சரோஜினிதேவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குப் பொலிஸ் பொறுப்பதிகாரி வீட்டுக்குப் போய்விடுவார்.

ரொஷேல் எழுந்தாள். தூணுக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி மெதுவாகப் புரட்டினாள். சிலுவைப் பக்கம் ஈரச் சீமெந்தைத் தொட்டது. இம்முறை அவள் அதைத் துடைக்கவில்லை.

"இதுதானே சரியான பக்கம்?"

"ஓம். இதுதான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஓட்டோவில் ஏறப் போனவள் திரும்பி, காய வைத்திருந்த கரியரை எடுத்துக் கிளறன்ஸின் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு அப்பா வருவார் அங்கிள். பசியோட வருவார். குழம்பு அடுப்பில கொதிக்குது, உப்புப் பார்க்கேல்லை. பார்த்துப் போட்டு இறக்கிவிடுங்கோ."

சரோஜினிதேவி ஏற்கெனவே ஓட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். கிளறன்ஸ் உள்ளே போய், அகப்பையில் கொஞ்சம் குழம்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புச் சரியாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.